வரைபடத்தைத் திருத்துவதா, நிரல் எழுதுவதா?

கேள்வி கேட்டவர் ஒரு வெப் டெவலப்பர். வார இறுதியில் சில மணி நேரம் கிடைக்கிறது, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய திறந்த உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புக்கு (சுருக்கமாக ஓஎஸ்எம்) ஏதாவது செய்ய ஆசை. வரைபடத்தில் சாலை, கட்டடம் என்று சேர்ப்பதா, அதன் மென்பொருளுக்கு நிரல் எழுதுவதா என்று கேட்கிறார். கூடவே ஒரு மனத்தாங்கலும் இருக்கிறது. ஒரு கருவிக்கு அவர் அனுப்பிய புல் ரிக்வெஸ்ட் (தன் நிரல் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் கோரிக்கை) இரண்டு மாதமாக யாரும் தொடாமல் கிடக்கிறது. அதே சமயத்தில் வரைபடத்தில் செய்த ஒரு திருத்தம் சில நிமிடங்களில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. இரண்டுமே திறந்த திட்டங்கள்தானே, ஏன் இப்படி? கடைசி வரியில், ரெஸ்யூமேயில் எது எடுபடும் என்றும் கேட்டிருக்கிறார்.

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சொல்லும்படி கேட்டது போல இருந்தாலும், 'என் நேரம் எங்கே வீணாகாது' என்பதுதான் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். என் பதில் இது: முதல் சில மாதங்கள் வரைபடத்தில் வேலை செய்யுங்கள். அப்புறம், அந்த வேலையின்போது எந்த மென்பொருள் உங்களைப் படுத்தியதோ அதில் கை வையுங்கள். நான் பல ஆண்டுகளாக ஓஎஸ்எம்மில் வரைகிறேன், பிழைப்புக்கு நிரல் எழுதுகிறேன். அதைச் சுற்றியுள்ள சில கருவிகளுக்குப் பேட்ச் அனுப்பியும், மற்றவர்கள் அனுப்பியதைப் படித்துப் பார்த்தும் பழக்கம். அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

முதலில் அந்த வேக வித்தியாசம். மென்பொருளில் சோதனை முன்னால் நடக்கிறது, வரைபடத்தில் பின்னால் நடக்கிறது. நீங்கள் அனுப்பும் நிரலை, திட்டத்தைப் பராமரிக்கும் மெயின்டெய்னர் ஒருவர் படித்து, ஓட்டிப் பார்த்து, சேர்க்கலாம் என்று முடிவெடுத்த பிறகுதான் அது வெளியே போகும். ஓஎஸ்எம்மில் சேமித்ததும் திருத்தம் நேராக மூலத் தரவுத்தளத்துக்குள் போய்விடும், யாருடைய அனுமதியும் தேவையில்லை. நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றங்கள் தனிக் கோப்பாக வெளியாகின்றன, உலகெங்கும் உள்ள சர்வர்கள் அவற்றை இழுத்துக்கொள்கின்றன. 2004இல் ஸ்டீவ் கோஸ்ட் இங்கிலாந்தில் இதைத் தொடங்கியபோது முன்னால் இருந்த உதாரணம் விக்கிப்பீடியா. அதே துணிச்சல்தான் இங்கும்: முதலில் எழுதவிடு, பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பிறகு பார்ப்பதும் சும்மா பேச்சுக்கு இல்லை. ஒவ்வொரு சேமிப்பும் ஒரு சேஞ்ச்செட்டாகப் பதிவாகிறது. அதன் கீழே யார் வேண்டுமானாலும் கேள்வி எழுப்பலாம். சந்தேகத்துக்குரியவற்றைப் பிரித்துக் காட்ட ஓஎஸ்எம்சா போன்ற கருவிகள் உண்டு. பழைய பதிப்புகள் எல்லாம் வரலாற்றில் இருப்பதால் திருப்பி வைக்கவும் முடியும். ஆனால் இந்த முறைக்கு ஒரு பலவீனம் உண்டு. 2018 ஆகஸ்டில் யாரோ ஒருவர் நியூயார்க் நகரின் பெயரை யூத வெறுப்புச் சொல்லாக மாற்றினார். ஓஎஸ்எம்மில் அது விரைவிலேயே திருத்தப்பட்டுவிட்டது. ஆனால் அந்தத் தரவை எடுத்து விற்கும் ஒரு நிறுவனத்தின் நகலில் அது தங்கி, பின்னர் பல பிரபலமான செயலிகளில் தலைகாட்டியது. மூலம் சுத்தமான பிறகும் நகல் அழுக்காகவே இருந்தது. பின்னால் சோதிக்கும் முறையை நம்பித் தரவை எடுப்பவர்கள் தங்கள் பக்கத்திலும் ஒரு சல்லடை வைக்க வேண்டும் என்பதற்கு அது ஒரு பாடம்.

இதிலிருந்து உங்கள் கேள்விக்கு வருகிறேன். மென்பொருளில் பற்றாக்குறையாக இருப்பது மெயின்டெய்னரின் கவனம். நிரல் எழுத ஆட்கள் வருகிறார்கள், படித்துப் பொறுப்பேற்க ஆள் இல்லை. ஓஎஸ்எம் அறக்கட்டளைக்குச் சம்பள ஊழியர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். சுற்றியுள்ள கருவிகளில் பெரும்பாலானவற்றை ஓரிருவர் வேலை நேரம் போகத்தான் கவனித்துக்கொள்கிறார்கள். வரைபடத்தில் பற்றாக்குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஒருமுறை வரைந்துவிட்டுப் போக நிறையப் பேர் உண்டு. அதே பகுதியை ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொள்ள ஆள் குறைவு. ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் கணக்குத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களில் ஒரு திருத்தமாவது செய்தவர்கள் சிறு பகுதி, தொடர்ந்து செய்பவர்கள் அதிலும் சிறு பகுதி. ஆக, நீங்கள் அறிந்த ஒரு பகுதியைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டால் யாருடைய கவனத்தையும் செலவழிக்காமல் பயன் தருகிறீர்கள். புல் ரிக்வெஸ்ட் என்பது, எவ்வளவு நல்லதாக இருந்தாலும், இன்னொருவரின் நேரத்தைக் கேட்பது.

வரைபடத்தில் இறங்கும் டெவலப்பருக்கு முதலில் வரும் ஆசையைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். தரவை இறக்கிப் பார்த்ததும் பிழைகள் கண்ணில் படும். ஆயிரக்கணக்கான இடங்களில் சாலை ஒன்று கட்டடத்தின் மேல் ஏறிப் போகும். இரண்டு சாலைகள் பொதுப் புள்ளி இல்லாமல் ஒன்றையொன்று வெட்டும். 'ஒரு ஸ்கிரிப்ட் போதுமே' என்று கை பரபரக்கும். தயவுசெய்து எழுதாதீர்கள். சாலை கட்டடத்தின் மேல் ஓடுவது போலத் தெரிவதற்கு நான் பார்த்த வரையில் குறைந்தது மூன்று காரணங்கள் உண்டு. கட்டடத்தை வரைந்தவர் பயன்படுத்திய செயற்கைக்கோள் படம் சில மீட்டர் தள்ளி இருந்திருக்கலாம். கட்டடம் இடிக்கப்பட்டு அந்த இடத்தில் சாலை வந்திருக்கலாம். அல்லது சாலை நிஜமாகவே கட்டடத்தின் அடியில் வளைவு வழியாகப் போகலாம். தரவில் மூன்றும் ஒரே மாதிரிதான் இருக்கும், தீர்வு மூன்றுக்கும் வேறு. வெட்டிக்கொள்ளும் சாலைகளும் அப்படியே. புள்ளி போட்டு இணைத்துவிட்டால், அங்கே மேம்பாலம் இருந்தால், வழிகாட்டும் செயலி வண்டியைப் பாலத்திலிருந்து கீழே திருப்பச் சொல்லும்.

நிரலுக்கு டெஸ்ட் உண்டு, கம்பைலர் உண்டு. வரைபடத் தரவு சரியா என்று சொல்லும் ஒரே சாட்சி அந்த இடம்தான். அதனால்தான் ஓஎஸ்எம்மில் தானியங்கித் திருத்தங்களுக்கும் மொத்த இறக்குமதிகளுக்கும் தனி விதிகள் இருக்கின்றன. முன்கூட்டியே பொதுவில் அறிவித்து, விவாதித்து, ஒப்புதல் பெற்ற பிறகே செய்ய வேண்டும். அப்படிச் செய்யாமல் ஓட்டிய ஸ்கிரிப்டின் விளைவுகளைச் சுருட்டித் திருப்பி வைத்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

இதற்குப் பெரிய உதாரணம் அமெரிக்காவின் டைகர் இறக்குமதி. அந்நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் சாலைத் தரவு யாரும் பயன்படுத்தக்கூடிய பொதுச் சொத்து. 2007, 2008 ஆண்டுகளில் அது மொத்தமாக ஓஎஸ்எம்முக்குள் கொண்டுவரப்பட்டது. ஒரே வீச்சில் நாடு முழுவதும் சாலைகள் வந்துவிட்டன. இடம் பெயர்ந்த சாலைகளும், களத்தில் இல்லாத சாலைகளும் கூடவே வந்தன. ஒவ்வொரு சாலையிலும் 'டைகர்: பார்க்கப்படவில்லை' என்ற பொருளில் ஒரு டேக் (பொருளின் தன்மையைச் சொல்லும் குறிச்சொல்) ஒட்டப்பட்டது, யாராவது சரிபார்த்ததும் எடுத்துவிடலாம் என்று. அந்த டேக்கைத் தாங்கிய சாலைகள் இன்றும் ஏராளம். இதுவரை உறுதியாகச் சொல்லலாம். இந்த இறக்குமதியால்தான் அமெரிக்காவில் தன்னார்வலர் குழு தாமதமாக வளர்ந்தது என்று சிலர் வாதிடுவதை அதே உறுதியோடு சொல்ல மாட்டேன். நிரம்பிய வரைபடத்தைப் பார்த்தவருக்குச் செய்ய ஒன்றுமில்லை என்று தோன்றும் என்பது அவர்கள் வாதம். வெற்றுத்திரை மட்டும் யாரை ஈர்த்துவிடும் என்பது எதிர்வாதம். முதல் வாதத்தில் கொஞ்சம் உண்மை இருப்பதாக எனக்குப் படுகிறது. ஆனால் இறக்குமதி நடக்காத இன்னொரு அமெரிக்காவை வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை.

தன்னார்வலர் தரவின் தரம் பற்றி ஆய்வுகள் உண்டு. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த முகி ஹக்லே 2010இல் வெளியிட்ட ஆய்வு, இங்கிலாந்தின் ஓஎஸ்எம் தரவை அரசு நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் தரவோடு ஒப்பிட்டது. இடத் துல்லியம் சராசரியாக 6 மீட்டருக்குள் இருந்தது. நெடுஞ்சாலைகள் ஏறத்தாழ 80 சதவீதம் பொருந்தின. அதே ஆண்டு அவரும் சக ஆய்வாளர்களும் உங்களுக்குப் பிடிக்கக்கூடிய இன்னொரு கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். பார்க்கும் கண்கள் போதுமான அளவு இருந்தால் எந்தப் பிழையும் எளிதில் அகப்பட்டுவிடும் என்று லினக்ஸ் உலகில் ஒரு வாக்கு உண்டல்லவா, அது வரைபடத்துக்குப் பொருந்துமா? பொருந்துகிறது, ஆனால் நேர்கோட்டில் இல்லை. ஒரு பகுதியில் வரையும் முதல் ஐந்து பேர்தான் இடத் துல்லியத்தில் பெரிய முன்னேற்றத்தைக் கொண்டுவருகிறார்கள். ஏற்கனவே பலர் வரைந்த பகுதியில் இன்னொருவராகச் சேர்வதைவிட, ஒருவரோ இருவரோ மட்டும் தொட்ட பகுதியில் சேர்வது மேல் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் துல்லியம் வேறு, முழுமை வேறு, இன்றைய நிலவரம் வேறு. ஒரு கடை சரியான இடத்தில் குறிக்கப்பட்டிருக்கலாம், அது மூடிப் போய் மூன்று ஆண்டுகள் ஆகியிருக்கலாம். இது தொலைவிலிருந்து தெரியாது. 2010 ஜனவரி 12 அன்று ஹைட்டியில் நிலநடுக்கம் வந்தபோது, உலகெங்குமிருந்து தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து சில நாட்களிலேயே தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸின் தெருக்களை வரைந்து கொடுத்தார்கள், மீட்புப் பணியில் இருந்தவர்கள் அதைப் பயன்படுத்தினார்கள். அதே ஆண்டு ஹாட் என்ற மனிதநேய வரைபட அமைப்பும் பதிவானது. மேலிருந்து பார்த்தால் வடிவம் கிடைக்கும். தெருவின் பெயர், ஒருவழியா, எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதெல்லாம் அங்கே நடப்பவருக்குத்தான் தெரியும். ஆண்ட்ராய்டில் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்ற செயலி இதற்காகவே இருக்கிறது. நடக்கும்போது சின்னச் சின்னக் கேள்வி கேட்கும், பதிலை டேக்காக மாற்றிச் சேர்க்கும். அதிலிருந்தே தொடங்குங்கள் என்பேன். டெவலப்பர்கள் அதைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று தள்ளிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். டேக் முறையை உள்ளே போய்ப் படிக்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை, ஏனென்றால் ஒவ்வொரு பதிலும் என்ன டேக்காகப் போனது என்று பிறகு சேஞ்ச்செட்டில் பார்க்கலாம்.

இப்போது மென்பொருளும் தரவும் சந்திக்கும் இடம். ஓஎஸ்எம்மில் டேக்குகளுக்கு இறுதிப் பட்டியல் கிடையாது. யாரும் புதிதாக ஒன்றை எழுதலாம். விக்கியில் முன்மொழிந்து வாக்கெடுக்கும் வழக்கம் உண்டு, ஆனால் அதற்குக் கட்டாயப்படுத்தும் பலம் இல்லை. நடைமுறையில் எந்த டேக் பரவும் என்பதை வரைபடத்தைத் திருத்த உதவும் மென்பொருள்களான எடிட்டர்கள்தான் தீர்மானிக்கின்றன. 2013 முதல் இணையதளத்தில் இருக்கும் ஐடி எடிட்டரில் புதியவர் 'பூங்கா' என்று தேர்ந்தெடுத்தால், பின்னால் என்ன எழுதப்படுகிறது என்று அவர் பார்ப்பதே இல்லை. அந்தத் தேர்வுகளின் தொகுப்பு இப்போது தனித் திட்டமாக இருக்கிறது, எவ்ரிடோர் போன்ற வேறு செயலிகளும் அதையே எடுத்துக்கொள்கின்றன. அதில் ஒரு வரி மாறினால் உலகம் முழுக்க அடுத்த மாதத்திலிருந்து எழுதப்படும் தரவு மாறும். சிறிய மாற்றம் என்று நாம் நினைப்பதை மெயின்டெய்னர்கள் மாதக்கணக்கில் யோசிப்பதற்கு இது ஒரு காரணம். உங்கள் புல் ரிக்வெஸ்ட் இந்த வகையா என்று தெரியவில்லை. டேக்கைத் தொடுகிறதென்றால் இரண்டு மாதம் அதிகமில்லை.

அடிப்படை இன்னும் மெதுவாக நகரும். மென்பொருள்கள் தரவுத்தளத்தோடு பேசும் வழியான ஏபிஐயில் இப்போதும் ஓடுவது 2009இல் வந்த 0.6 பதிப்புதான். புள்ளி, கோடு, உறவு என்ற மூன்றே வகைகள். பரப்புக்கென்று தனி வகை இல்லை. மூடிய கோடு ஒன்று பூங்காவா, ரவுண்டானாவா என்பதை டேக்கைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், அதற்கு ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. ஒரு கோட்டில் 2,000 புள்ளிகளுக்கு மேல் போக முடியாது என்பதால் பெரிய ஏரியின் கரை துண்டு துண்டாக இருக்கும், அவற்றை ஓர் உறவு சேர்த்துப் பிடித்திருக்கும். புதிதாக வரும் எல்லாருக்கும் இதைத் திருத்தி எழுத ஆசை வரும். எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் மாற்றினால் ஒரே நாளில் உடையக்கூடிய நிரல்கள் எத்தனை என்று யாராலும் எண்ண முடியாது, அதனால் அது நகராமல் இருக்கிறது.

சரி, நிரல் எழுதியே ஆக வேண்டும் என்றால் எங்கே? உங்கள் ஜாவாஸ்கிரிப்டுக்கு ஐடி எடிட்டர் பொருந்தும், ரூபி தெரிந்தால் ஓஎஸ்எம் இணையதளம், பைத்தான் என்றால் இடம் தேடும் நாமினேட்டிம், ஜாவா என்றால் கணினியில் நிறுவும் எடிட்டரான ஜோஸம், கோட்லின் என்றால் ஸ்ட்ரீட்கம்ப்ளீட். இதில் எதையும் நிரலிலிருந்து தொடங்க வேண்டாம். ஒருவர் புகாரளித்த பிழையை உங்கள் கணினியில் வரவழைத்து, எந்தத் தரவில் வருகிறது, எந்தப் பதிப்பிலிருந்து வருகிறது என்று எழுதினாலே மெயின்டெய்னரின் சுமை பாதி குறையும். இன்னொருவர் அனுப்பிய புல் ரிக்வெஸ்டை ஓட்டிப் பார்த்து முடிவை எழுதுவது அதைவிட அரிதான உதவி. தரவுத்தளத்தில் எழுதும் நிரலைச் சோதிக்கத் தனி சர்வர் இருக்கிறது, அதில் என்ன செய்தாலும் உண்மையான வரைபடத்தைத் தொடாது. வரைபடப் படங்களைத் தரும் சர்வரை மட்டும் சோதனைக்குப் போட்டுத் தாக்க வேண்டாம். அது நன்கொடையில் ஓடுவது. மொத்தமாக இறக்குவதற்கு அனுமதி இல்லை, செயலியின் அடையாளத்தைச் சரியாகச் சொல்லாத கோரிக்கைகளைத் தடுத்துவிடுவார்கள்.

உரிமம் பற்றியும் ஒரு வார்த்தை, நான் வக்கீல் இல்லை என்ற எச்சரிக்கையோடு. மென்பொருள்கள் ஒவ்வொன்றும் தனித்தனி உரிமத்தில் இருக்கின்றன, ஐடி எடிட்டர் தளர்வான ஐஎஸ்சியில், ஜோஸம் மாற்றிய நிரலையும் திறந்தே வெளியிடச் சொல்லும் ஜிபிஎல்லில். தரவு 2012 செப்டம்பர் முதல் ஓடிபிஎல் என்ற தரவுத்தள உரிமத்தில் இருக்கிறது. அதற்கு முன் கிரியேட்டிவ் காமன்ஸ். மாற்றத்தின்போது புதிய உரிமத்துக்கு ஒப்புக்கொள்ளாதவர்களின் பங்களிப்பு நீக்கப்பட்டது, ஆஸ்திரேலியா, போலந்து போன்ற இடங்களில் அது நன்றாகவே உறைத்தது. மாற்றத்தை எதிர்த்தவர்கள் பழைய உரிமத்திலேயே ஃபாஸ்ம் என்று ஒரு ஃபோர்க், அதாவது தனியாகப் பிரிந்த நகல், தொடங்கினார்கள். ஓஎஸ்எம்மின் இடத்தை அது பிடிக்கவில்லை. மென்பொருளை ஃபோர்க் செய்தால் அது அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். வரைபடத்தை ஃபோர்க் செய்தால் மறுநாளிலிருந்தே பழசாகத் தொடங்கும், திருத்தும் ஆட்கள் கூடவே வந்தால் ஒழிய. உங்களுக்கு நடைமுறையில் முக்கியமானது இன்னொன்று: வணிக வரைபடத்தைப் பார்த்துத் தெருப் பெயரை எழுதாதீர்கள். ஒரே ஒரு பெயர்தானே என்று தோன்றும். அது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் இருக்க வேண்டும்.

நிச்சயமில்லாத பகுதி ஒன்று இருக்கிறது. பெரிய நிறுவனங்கள் சம்பளத்துக்கு ஆள் வைத்து ஓஎஸ்எம்மில் வரைகின்றன. இயந்திரக் கற்றல் கண்டுபிடித்த கட்டடங்களும் சாலைகளும் வந்து குவிகின்றன. 2022 டிசம்பரில் அமேசான், மெட்டா, மைக்ரோசாஃப்ட், டாம்டாம் நான்கும் சேர்ந்து ஓவர்ச்சர் என்ற தனி அமைப்பைத் தொடங்கின, அது ஓஎஸ்எம் தரவையும் எடுத்துக்கொள்கிறது. தன்னார்வலரின் இடம் இதனால் சுருங்குமா என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். வடிவம் வரையும் வேலை இயந்திரத்துக்குப் போவது கண்கூடு. களத்தில் போய்ப் பார்க்கும் வேலை போகும் என்பதற்கு இதுவரை எனக்கு அறிகுறி தெரியவில்லை. பத்து ஆண்டு கழித்தும் இப்படியே இருக்கும் என்று பந்தயம் கட்ட மாட்டேன்.

உங்கள் புல் ரிக்வெஸ்டுக்கு வருகிறேன். 'ஏதாவது அப்டேட் உண்டா' என்று கேட்காதீர்கள். 2024இல் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் நிரல் தொகுப்பில் பின்வாசல் வைத்தவர்கள், களைத்துப்போயிருந்த ஒற்றை மெயின்டெய்னரைத் தொடர்ந்து நெருக்கித்தான் உள்ளே நுழைந்தார்கள். அதற்குப் பிறகு, நெருக்குபவரைக் கண்டு மெயின்டெய்னர்கள் தயங்கினால் அது நியாயம்தான். முதலில் உங்கள் கிளையைப் புதிய மெயின் கிளையோடு சேர்த்து மோதல்களைத் தீர்த்துவையுங்கள். மாற்றம் பெரிதென்றால் இரண்டாக உடையுங்கள். எந்தப் பிழை, எந்த இடத்தின் தரவில் பார்த்தீர்கள், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் எப்படி இருக்கிறது என்று ஒரு படத்தோடு நாலு வரி எழுதுங்கள். வரைபடத்தில் சில மாதம் வேலை செய்தவரின் புல் ரிக்வெஸ்டில் இந்த நாலு வரி தானாக வந்துவிடும், படிப்பவருக்கும் அது உடனே தெரியும். அதற்கும் பதில் வராவிட்டால் கோபப்படாமல் மூடிவிட்டு, பதில் வரும் இன்னொரு திட்டத்துக்குப் போங்கள். கடைசியாக எப்போது வெளியார் நிரல் சேர்க்கப்பட்டது என்று பார்த்தாலே எது உயிரோடு இருக்கிறது என்று புரிந்துவிடும்.

ரெஸ்யூமேயில் மெர்ஜ் ஆன, அதாவது ஏற்றுச் சேர்க்கப்பட்ட, புல் ரிக்வெஸ்டின் இணைப்பு எடுபடும், அதைப் பற்றி உங்களால் பத்து நிமிடம் பேச முடிந்தால். திருத்தங்களின் எண்ணிக்கையைப் போடாதீர்கள், வெப் டெவலப்மென்ட் நேர்முகத்தில் அது யாருக்கும் எதுவும் சொல்லாது. ஜிஐஎஸ் எனப்படும் புவியியல் தகவல் மென்பொருள் பக்கம் போவதாக இருந்தால் கதை வேறு. ஓஎஸ்எம்2பிஜிஎஸ்க்யூஎல் என்ற கருவியால் தரவைத் தரவுத்தளத்தில் ஏற்றி, இடத் தரவைக் கையாளும் போஸ்ட்ஜிஐஎஸ்ஸில் கேள்வி கேட்டு, பழுதான உறவைக் கண்டுபிடித்துச் சரிசெய்யத் தெரிந்தவரை அங்கே தேடிக்கொண்டிருக்கிறார்கள்.